இரண்டு எண்களில் எதை நம்புவது

புதிதாக இந்தக் கடைக்கு வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லாரும் என்னைவிட வேகமாக நிரல் எழுதுகிறவர்கள். இஞ்சினுக்கு எப்போது எவ்வளவு எரிபொருள், எவ்வளவு காற்று என்று முடிவு செய்யும் சின்னக் கணினியை நாம் ஈசிஎம் என்கிறோம். அந்தப் பெட்டிக்குள் இருப்பதைப் படித்தெடுத்து, மாற்றி, திரும்ப ஏற்றுவதற்கு நான் ஒரு காலத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன். நீங்கள் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறீர்கள். ஆகவே அந்த வேலையைப் பற்றிச் சொல்ல நான் வரவில்லை.

அன்வர் பாய்தான் கூப்பிட்டார். "ரிட்டையர் ஆயி வூட்ல சும்மா குந்திகினு இன்னா பண்ற மாமு, வந்து புள்ளைங்களுக்கு எதுனா சொல்லிட்டுப் போ" என்றார். உங்களுக்கு அவர் முதலாளி. எனக்குப் பல வருடக் கூட்டாளி. அவர் வயரிங், நான் நிரல். அப்படித்தான் டோல்கேட் பக்கத்தில் இந்தக் கடையை ஆரம்பித்தோம்.

ஆரம்பத்தில் வந்தவர்களில் பாதிப்பேர் சத்தத்துக்காக வந்தார்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சைலன்சர் பட்டாசு மாதிரி வெடிக்க வேண்டும் என்பார்கள். ராயபுரத்துப் பையன் ஒருவன் தன் கல்யாண ஊர்வலத்துக்கு அப்படிக் கேட்டான். செய்து கொடுத்தோம். மண்டப வாசலில் வண்டி வெடித்ததும் டயர் போய்விட்டது என்று பெண் வீட்டுக்காரர்கள் எல்லாரும் இறங்கி, மாப்பிள்ளையையும் இறக்கி, வண்டியைத் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் அவனே வந்து "பழையபடி பண்ணிக் குடு சார்" என்றான். அந்த மாதிரி வேலையில் தப்பு நடந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். நான் சொல்லவந்தது கௌதமியின் வண்டியைப் பற்றி. அதில் சிரிக்க இடமிருக்கவில்லை.

அந்த வண்டியை அவளுடைய கணவன் தேசிங்குதான் ஓட்டிக்கொண்டு வந்தான். பழைய வண்டி, கியர் தானாக மாறும் சின்னக் கார். கடை வாசலில் நிறுத்திவிட்டு, இறங்கி, எதிர்ச் சுவர் ஓரமாகப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பக்கத்து இருக்கையில் இருந்த கௌதமி கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டாள்.

"சார், எனக்குக் காலு ரெண்டும் வேலை செய்யாது. கையாலயே ஓட்ற மாதிரி பண்ணித் தரணும். பண்ணுவீங்களா?"

அவள் பிறந்த வீடு சடையங்குப்பத்தில். ஒரு மழைக்காலத்தில் ஊறிப்போன காம்பவுண்டு சுவர் அவள் முதுகின்மேல் சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. குடும்பம் வியாசர்பாடிக் குடியிருப்பில், தரைத்தளத்தில். எர்ணாவூர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் அவளுக்கு வேலை. உள்ளே வரும் லாரிகளுக்கும் வெளியே போகும் லாரிகளுக்கும் கேட் பாஸ் போட வேண்டும். தினமும் ஆட்டோவில் போய் வந்துகொண்டிருந்தாள்.

"ஆட்டோல ஏத்தி உடறது இவரு. இவரு டூட்டில இருந்தா பக்கத்து வூட்டு அண்ணன். அங்க எறக்கி உடறது வாட்ச்மேன். தெனம் ஆம்பளைங்க என்னத் தூக்கறாங்க சார். நல்லவங்கதான். ஆனாலும் தூக்கறாங்க."

கால் வராதவர்களுக்காக வரும் வண்டிகளில் கம்பி வைத்துப் பெடலை அமுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அவள் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். சுவர் விழுந்தபோது இடது தோளும் அடிபட்டிருந்தது. முன்னால் தள்ள வலு இருந்தது. கம்பியை இழுத்துக்கொண்டே இருக்கத்தான் முடியவில்லை. விரலால் இழுத்தால் போதும் என்கிற அளவுக்கு லேசான கைப்பிடி வேண்டும். அப்படியானால் கம்பி போதாது. கைப்பிடி எவ்வளவு இழுக்கப்பட்டிருக்கிறது என்பதை ஈசிஎம் தானே படித்து, பெடலை மிதித்தது போல எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு உள்ளே இருக்கும் நிரலில் கை வைக்க வேண்டும்.

நான் யோசித்துக்கொண்டிருந்தபோது தேசிங்கு சுவரை விட்டு வந்தான்.

"சார், நான் டிரைலர் ஓட்றவன். லோடோட வர்ற டிரைலர் நிக்கணும்னா எவ்ளோ தூரம் வோணும்னு எனக்குத் தெரியும். இவ முன்னாடி போய்கினே இருக்கச்சொல்ல உன் கம்பியூட்டரு எதுனா கோளாறு பண்ணி வண்டி நின்னுச்சுன்னு வையி, பின்னாடி வர்றவன் இன்னா பண்ணுவான்? அவன் மேலயும் தப்பு சொல்ல முடியாது. அதான் வாணாங்கறேன்."

"அப்ப நீ வேலையை வுட்டுட்டு தெனம் என்னை இட்னு போ" என்றாள் கௌதமி.

"இட்னு போறேன்."

"ஒரு வாரம் போவ. அப்பால?"

அவன் பழையபடி சுவரோரம் போனான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவள் வேலைக்குப் போகும் ரோட்டை டிரைலர் உயரத்திலிருந்து பார்க்கிறவன் அவன். அவன் கேட்டது சரியான கேள்வி. வண்டிக்கு எப்போது எது புரியாமல் போகும், அப்போது அது என்ன செய்யும்? ஒரு புது வசதியைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். நாம் பெரும்பாலும் கடைசியில்தான் கேட்கிறோம்.

வேலையை எடுத்துக்கொண்டோம். ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் ஒரே கைப்பிடி. முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் வேகம். பிரேக் கம்பியாகவே இருக்கட்டும் என்று முதல் நாளே முடிவு செய்தோம். நிற்பதற்கு எந்த நிரலின் தயவும் வேண்டாம். வேகத்துக்கு மட்டும் கைப்பிடிக்குள் இரண்டு சென்சார் வைத்தார் பாய். இரண்டும் ஒரே கைப்பிடியைத் தனித்தனியாக அளந்து சொல்லும். இரண்டும் ஒரே கணக்கைச் சொன்னால் இஞ்சின் அதன்படி நடக்கும்.

கௌதமியும் சும்மா இருக்கவில்லை. யார்டில் டிரைவர்கள் ரிவர்ஸ் எடுப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு கோரிக்கை இருந்தது. "ரிவர்ஸ்ல எவ்ளோ இழுத்தாலும் பாதிதான் போகணும் சார். முன்னாடி போற அதே வேகத்துல பின்னாடி போனா எனக்குத் திரும்பிப் பாக்க முடியாது." வாடிக்கையாளர்கள் என்னிடம் கேட்ட வசதிகளிலேயே மிகவும் அர்த்தமுள்ளது அதுதான். எழுதினேன்.

இரண்டு சென்சாரும் வேறு வேறு சொன்னால் என்ன செய்வது என்பதில்தான் எனக்கும் பாய்க்கும் தகராறு. இஞ்சினையே அணைத்துவிடலாம் என்றார் அவர். அணைந்தால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். நடு ரோட்டில் அவளால் இறங்கித் தள்ளவும் முடியாது. நான் இஞ்சினை ஐடிலிங்குக்கு, அதாவது அணையாமல் மெல்ல முனகும் நிலைக்கு, இறக்கிவிட வேண்டும் என்றேன். கியர் தானாக மாறும் வண்டி என்பதால் ஐடிலிங்கிலேயே ஆள் நடக்கும் வேகத்தில் நகரும். ஓரத்துக்குப் போய்விடலாம். சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் மறுபடி வேகம் வரும். பாய் ஒத்துக்கொண்டார்.

அடுத்த தகராறு அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. கையால் ஓட்டிப் பழகுவதற்காகப் பாய் பக்கத்தில் உட்கார, கௌதமி காலை நேரங்களில் ஓட்டிக்கொண்டிருந்தாள். கொருக்குப்பேட்டை கேட்டில் தண்டவாளத்தின்மேல் ஏறி இறங்கும்போதெல்லாம் கைப்பிடி அதிர்ந்து, இரண்டு சென்சாரும் ஒரு கணம் விலகி, வண்டி ஐடிலிங்குக்கு வந்துவிட்டது. பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான். அவளுக்கு அழுகை வரும்.

"மாமு, கொஞ்சம் லூஸ் உடு" என்றார் பாய். "ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் இன்னும் கொஞ்சம் இருக்கலாம்னு போட்டுட்டா இந்த ரப்சரே இல்ல. ஒரு எண்ணுதான மாத்தணும்?"

"ஒரு எண்ணுதான். மாத்த மாட்டேன்."

"அந்தப் பொண்ணு கேட்டாண்ட நின்னு பேஜாராவுது."

"கைப்பிடி ஆடாம புடிச்சு வை பாய். அது ஆடுதுன்னு நான் கண்ண மூடிக்க முடியாது."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தன் வேலையைக் குறை சொல்கிறேன் என்று நினைத்தார். சில நாள் நாங்கள் டீயைத் தனித்தனியாகக் குடித்தோம். ஆனாலும் கைப்பிடியின் அடியில் ஒரு கனமான தாங்கியைப் பற்றவைத்து முறுக்கினார். தண்டவாளத் தொந்தரவு நின்றது.

இப்படி மாற்றிய வண்டியை ஆர்டிஓ ஆபீசில் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கு நாள் கிடைத்துவிட்டது. அதற்கு முன்பு, தான் வேலைக்குப் போகும் வழியிலேயே ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள் கௌதமி. அதாவது எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு. ஒரு பக்கம் கடல், ரோடு நிறைய கன்டெய்னர் டிரைலர். துறைமுகத்துக்குள் போக முறை வராத டிரைலர்கள் இடப்பக்கம் வரிசையாக நிற்கும். ஓடுகிற டிரைலர்கள் மீதி இடத்தில் ஓடும். நடுவில் எங்கள் சின்னக் கார்.

நான் லேப்டாப்போடு பக்கத்தில் உட்காருவதாக ஏற்பாடு. தேசிங்கிடம் சொன்னபோது, "நான் அந்த வண்டில குந்த மாட்டேன் சார்" என்றான். அத்தோடு விட்டுவிட்டான் என்று நினைத்தேன். அன்று காலை கிளம்பும்போது பார்த்தால், கன்டெய்னர் இல்லாத வெற்று டிரைலரோடு ரோட்டோரம் நிற்கிறான்.

"எப்படியும் காலி வண்டிய யார்டுல உடணும். நான் பின்னாடி வரேன். என்னைத் தாண்டி எவனும் இவகிட்ட வரமாட்டான். நீ முன்னாடி மட்டும் பாரு."

கௌதமி அவனைப் பார்த்தாள். தூறிக்கொண்டிருந்தது. சக்கர நாற்காலியிலிருந்து பலகையின்மேல் நகர்ந்து இருக்கைக்கு வந்தபோது அவள் துப்பட்டா முழுக்க நனைந்திருந்தது. அதை மடியில் சுருட்டிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

திருவொற்றியூர் தாண்டும்வரை எனக்கு வேலையே இல்லை. அழகாக ஓட்டினாள். முன்னால் போகும் டிரைலரின் பிரேக் விளக்கைப் பார்க்காமல் அதற்கும் முன்னால் இருப்பதைப் பார்த்து ஓட்டினாள். யார்டு ஜன்னலில் உட்கார்ந்து கற்றதாக இருக்கும். கண்ணாடியில் தேசிங்கின் டிரைலர் முகப்பு ரோட்டை அடைத்துக்கொண்டு அதே தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

எர்ணாவூருக்கு முன்னால் முன்வண்டி வேகம் குறைந்தது. அவளும் கைப்பிடியை விட்டாள். மறுபடி இழுத்தாள். இஞ்சின் முனகிவிட்டு ஐடிலிங்குக்கு இறங்கியது.

"சார், வரல. இழுக்கறேன், வரல சார்."

லேப்டாப்பைப் பார்த்தேன். இரண்டு சென்சாரின் எண்களும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். முதல் எண், கைப்பிடி மூன்றில் ஒரு பங்கு இழுக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. அசையாமல், ஒரே எண். இரண்டாவது எண் தாறுமாறாகக் குதித்தது. பூஜ்யம், கொஞ்சம், நிறைய, மறுபடி பூஜ்யம். யார் பார்த்தாலும் இரண்டாவது சென்சார் செத்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். முதலாவது ஒழுங்காக இருக்கிறது. அவள் இழுக்கிறேன் என்கிறாள், அதுவும் இழுத்திருக்கிறாள் என்கிறது. ஒத்துப்போகிறது.

சோதனைக்காக நான் ஒரு வழி வைத்திருந்தேன். லேப்டாப்பில் ஒரு விசையைத் தட்டினால் இரண்டாவது சென்சாரைக் கணக்கில் எடுக்காமல் முதலாவதை மட்டும் நம்பி இஞ்சின் ஓடும். என் விரல் அந்த விசையின்மேல் இருந்தது.

முன்வண்டி விலகிப் போய்க்கொண்டிருந்தது. வலப்பக்கம் ஒரு டிரைலர் எங்களை உரசுகிற மாதிரி போயிற்று. பின்னால் தொலைவில் ஹாரன் மேல் ஹாரன். கார் நத்தை மாதிரி ஊர்ந்தது. இடப்பக்கம் நிற்கும் டிரைலர் வரிசை சுவர் போல முடிவில்லாமல் தெரிந்தது.

"எதுனா பண்ணுங்க சார். தட்டி உடுங்க" என்றாள். அப்படி ஒரு விசை இருப்பது அவளுக்குத் தெரியும், கடையில் நான் தட்டுவதைப் பார்த்திருக்கிறாள்.

தட்டவில்லை. ஏன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அந்தக் கணத்தில் எனக்கு ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. இரண்டில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது. எது உண்மையாக இருந்தால் எனக்கு வசதி என்பதுதான் தெரியும். அந்த வசதியைத்தான் நான் தெரிந்தது என்று எடுத்துக்கொள்ளப் பார்க்கிறேன். கடை வாசலில் என்றால் தட்டியிருப்பேன். இங்கே ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவள் வேறொருத்தி.

லேப்டாப்பை மூடினேன். திறந்திருந்தால் என் கை திரும்பவும் அங்கேதான் போகும்.

"கௌதமி, கைப்பிடியை முழுக்க விட்டுடும்மா. சாவியைத் தொடாத. நாலு பக்கமும் லைட்டு போடு."

போட்டாள்.

"வண்டி தானா நகருது பாரு. அது போதும். வரிசைல எங்கயாவது சந்து வருதா பாரு. நீதான் பாக்கணும்."

"பின்னாடி?"

"பின்னாடி உன் வீட்டுக்காரரு கீறாரு."

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். தேசிங்கு டிரைலரைச் சற்றே கோணலாகத் திருப்பி, எல்லா விளக்கையும் போட்டு, எங்கள் வேகத்துக்கே ஊர்ந்துகொண்டிருந்தான். இருபுறமும் யாரும் நுழைய முடியாது. அவனுக்குப் பின்னால் ரோடே கத்திக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே ஒரு கையை வெளியே நீட்டி, பின்னால் இருப்பவர்களுக்குப் பொறு பொறு என்று காட்டிக்கொண்டே இருந்தான்.

அதன் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள். ஒரு டிரைலர், இன்னொன்று, இன்னொன்று. பிறகு ஒரு பஞ்சர் கடை. அதன் முன்னால் ஒரு கார் நிற்குமளவுக்கு இடைவெளி. அவள் தயங்காமல் ஸ்டீயரிங்கை ஒடித்து, உள்ளே நுழைந்து, கைப்பிடியை முன்னால் தள்ளினாள். பிரேக் பிடித்தது. வண்டி நின்றது.

பஞ்சர் கடைக்காரர் எழுந்து வந்து குனிந்து பார்த்து, "எந்த டயரு?" என்று கேட்டார்.

டயர் இல்லை என்று கையை ஆட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் லேப்டாப்பைத் திறந்தேன். கௌதமி இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தாள். கைப்பிடியை யாரும் தொடவில்லை. இரண்டாவது எண் பூஜ்யத்தில் அமைதியாக நின்றது. முதல் எண் இன்னமும் மூன்றில் ஒரு பங்கு இழுத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. "கைப்பிடியைக் கொஞ்சம் இழும்மா" என்றேன். இழுத்தாள். இரண்டாவது எண் ஏறியது. விடு என்றேன். இறங்கியது. முதல் எண் எதற்கும் அசையவில்லை.

நம்பகமாகத் தெரிந்ததுதான் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. நனைந்த துப்பட்டாவிலிருந்து சொட்டிய தண்ணீர் கைப்பிடியின் அடியில் இருந்த இணைப்புக்குள் இறங்கி, அந்த எண்ணை அங்கேயே கட்டிப்போட்டுவிட்டது. தாறுமாறாகக் குதித்த இரண்டாவது எண்தான் உண்மை. அவள் பயத்தில் இழுத்தும் விட்டும், இழுத்தும் விட்டும் இருந்தாள். அந்தக் குதிப்பு அவள் கையின் நடுக்கம். அந்தக் கையைத்தான் நான் செத்துப்போன சென்சார் என்று முடிவு கட்டப் பார்த்தேன்.

விசையைத் தட்டியிருந்தால் இஞ்சின் முதல் எண்ணை நம்பி மேலே எழும்பியிருக்கும். அவள் கைப்பிடியை விட்டாலும் வண்டி விட்டிருக்காது. பிரேக்கைத் தள்ளினால் வேகம் வெட்டுப்படும் என்று எழுதித்தான் வைத்திருந்தேன். ஆனால் திடுக்கென்று வண்டி பாயும்போது பயந்த கை தள்ளுமா, பிடித்துத் தொங்குமா என்று எந்த நிரலிலும் எழுத முடியாது. கொஞ்ச தூரத்தில் முன்வண்டியின் இரும்பு வால் இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. கௌதமி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் வந்துவிட்டது.

தேசிங்கு டிரைலரை ஓரம்கட்டிவிட்டு ஓடி வந்தான். திட்டப் போகிறான், திட்டட்டும் என்று கதவைத் திறந்து இறங்கினேன். அவன் என் பக்கம் வரவில்லை. அவள் பக்கம் போய் ஜன்னலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"இன்னாம்மே, பயந்துட்டியா?"

"பயந்தேன்."

"நான் பின்னாடி கீறேன்னு தெரியுமில்ல?"

"தெரியும். அதான் ஓட்டினேன்."

அவன் தலையாட்டினான். துப்பட்டாவை வாங்கிப் பிழிந்து, உதறி, வண்டியின் மேல் போட்டான். அப்புறம் என்னிடம் வந்தான். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். எந்த எண் என்ன சொன்னது, நான் எதைத் தட்ட இருந்தேன், ஏன் தட்டவில்லை என்பது வரைக்கும். அவன் கேட்டுக்கொண்டே பஞ்சர் கடைக்காரர் வாங்கிவரச் செய்த டீயை என்னிடம் கொடுத்தான்.

"சார், நான் பயந்தது இன்னான்னா, கோளாறு வந்தா வண்டி பிச்சிகினு போவும், இல்லாங்காட்டி நடு ரோட்ல கல்லு மாதிரி நின்னுடும். ரெண்டும் ஆவல. புரியலன்னதும் மெள்ள ஆயிடுச்சு. மனுசன்கூட அப்டி ஆவ மாட்டான். எனக்கு அது போதும்."

"இன்னும் சரி பண்ண வேண்டியது இருக்கு தேசிங்கு. தண்ணி போகக்கூடாது."

"பண்ணு. பண்ணிட்டுச் சொல்லு. நானே ஆர்டிஓ ஆபீசுக்கு இட்னு வரேன்."

அத்தனை நாள் எதிர்த்துக்கொண்டிருந்தவன், வண்டி ஒழுங்காக ஓடியதைப் பார்த்து மாறவில்லை. அது கெட்டுப்போன விதத்தைப் பார்த்து மாறினான். உங்களிடம் வரும் ஒவ்வொரு வண்டியையும் அப்படிப் பார்க்கும் ஒருவன் வெளியே இருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பாய்க்குப் போன் போட்டேன். முதல் வார்த்தையே "அந்தப் பொண்ணு?" என்றுதான் வந்தது. நல்லா இருக்கா என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

"அன்னிக்கு நான் சொன்னேன்னு நீ லூஸ் உட்ருந்தா இன்னா ஆயிருக்கும் மாமு?"

"உடலியே பாய். அத்த உடு."

"வண்டிய இட்னு வா. அந்த இணைப்ப நான் பாத்துக்கறேன்."

அன்று கடையில் ஒரே கெட்டிலில் டீ போட்டோம்.

அவர் இணைப்பை மேலே ஏற்றி, ரப்பர் உறை போட்டு மூடி, அதன்மேல் ஒரு சின்னக் கூரையும் வைத்தார். பிறகு தண்ணீர்க் குழாயைத் திருப்பிவிட்டு மேலே பீய்ச்சினோம். ஈரத் துப்பட்டாவைப் பிழிந்தோம். கடல் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து ஊற்றினோம். இரண்டு எண்ணும் பிரியவில்லை. சோதனைக்காக வைத்திருந்த அந்த விசையை நிரலிலிருந்தே எடுத்துவிட்டேன். பிறகு வந்த எந்த வண்டியிலும் அதை நான் வைக்கவில்லை. சோதனையை மேஜையில் செய்ய வேண்டும். ஓடுகிற வண்டியில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது செய்யக்கூடாது.

ஆர்டிஓ ஆபீசில் ஆய்வாளர் கைப்பிடியை வெகு நேரம் பார்த்தார். ஓட்டிக் காட்டச் சொன்னார். கௌதமி ஓட்டினாள், நிறுத்தினாள், ரிவர்ஸ் எடுத்தாள். ரிவர்ஸ் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்று அவர் கேட்டார். "நான்தான் அப்டி கேட்டேன் சார்" என்றாள். அவர் கையெழுத்துப் போட்டார். வெளியே மரத்தடியில் நின்றிருந்த தேசிங்கு, அவள் வெளியே வருவதைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அவள் முதல் நாள் தனியாக வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னபோது, கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். தேசிங்கும் அன்று வேறு பக்கம் டூட்டியில் இருந்தான். காலையிலிருந்து நான் எந்த வேலையும் செய்யவில்லை. லேப்டாப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பாய் வயரைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளவில்லை.

முற்பகலில் போன் வந்தது. கௌதமிதான். குரலில் ஒரே சந்தோஷம்.

"சார், இன்னிக்கு ஆபீஸ்ல செம்ம திட்டு."

"ஏன்மா, என்ன ஆச்சு?"

"லேட்டு சார். கொருக்குப்பேட்டை கேட்ல கூட்ஸு வண்டி நின்னுகினே இருந்துச்சு. அப்பால வழில ஒரு எடத்துல நாஷ்டா வாங்கினு, வண்டிலயே குந்தி துன்னுட்டு வந்தேன். மேனேஜரு புடிச்சு வாங்கிட்டாரு, இது இன்னா உன் வூடான்னு. இத்தினி வருசமா என்னை யாருமே திட்ட மாட்டாங்க சார். ஆட்டோ லேட்டு, தூக்க ஆளு இல்லன்னு சொன்னா பாவம்னு உட்ருவாங்க. இன்னிக்கு நானே ஓட்டினு வந்து நானே லேட்டு. இன்னா சொல்றது?"

நான் சிரித்தேன். பாய் பக்கத்தில் வந்து காதை நீட்டினார். எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான்.

"வண்டி எப்படிம்மா இருந்துச்சு?"

"வண்டியா?" என்றாள். கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது. "அது ஓடுச்சு சார். நான் கவனிக்கவே இல்ல."

போனை வைத்துவிட்டுப் பாயிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார். இரண்டு பேரும் கடையைச் சாத்திவிட்டு, பசி என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தவர்களைப் போலச் சாப்பிடப் போனோம்.